பதினேழாம் நம்பர்காரரின் கீரைக்கட்டு

கீரைக்கட்டைக் கையில் வாங்கியதும் முதலில் தலைகீழாகப் பிடித்து வேரை முகர்ந்து பார்ப்பார். பிறகு கட்டை மெல்லச் சுற்றுவார், வளைவில் பெரிய வண்டியைத் திருப்புகிற மாதிரி, இரண்டு கையாலும், அவசரமில்லாமல். ஒரே ஒரு இலை மஞ்சளாகக் கண்ணில் பட்டால் போதும், கட்டு என் சாக்குக்கே திரும்பி வந்துவிடும்.

“அக்கா, இது நேத்து பறிச்சது.”

“விடியக்காலைல பறிச்சது, தம்பி.”

“வேர்ல ஈரமே இல்லியே.”

“வேர்ல ஈரம் இருந்தா அது நான் தெளிக்கிறது. அதைப் பாத்து ஏமாறாதே. காம்பை உடைச்சுப் பாரு.”

உடைத்துப் பார்த்தார். டிக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் முகம் தெளிந்துவிட்டது. எதையும் காதால் கேட்டால்தான் நம்புவார். பசலை இரண்டு கட்டு, அவரைக்காய் கால் கிலோ, கேரட் நாலு. பையில் கனமானது அடியில், கீரை மேலே. பயணிகளை ஏற்றுகிற மாதிரிதான் அடுக்குவார்.

அவரை டிப்போவில் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. ‘பதினேழு’ என்றுதான் கூப்பிடுவார்கள். பதினேழாம் நம்பர் பஸ்ஸைப் பத்தொன்பது வருஷம் ஓட்டியவர். வீட்டில் கோபம் வந்தால் அவர் மனைவிகூட, “இந்தா பதினேழு, காலைக் கழுவிட்டு உள்ள வா” என்பாளாம். டிப்போ கேட்டுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துக் காய்கறி விற்கிறவள் நான். மாலையில் அந்தப் பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போவேன். எழுத்து தெரியாது எனக்கு. பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதெல்லாம் எறும்பு ஊர்ந்த தடம் மாதிரிதான். ஓட்டுகிறவர் முகத்தைப் பார்த்து ஏறுவேன். பத்தொன்பது வருஷத்தில் ஒருநாள்கூட அந்த முகம் என்னை வேறெங்கேயும் கொண்டுபோய் விட்டதில்லை.

ஒருநாள் விட்டது.

எட்டு மாதம் ஆகிறது, ஒரு செவ்வாய்க்கிழமை. எங்கள் வழியில் ஆற்றுக்கு மேல் ஒரு பழைய பாலம் இருந்தது. தூண் விரிசல் விட்டதென்று நாலு வருஷத்துக்கு முன்னால் மூடிவிட்டார்கள். அதிலிருந்து பஸ் பால் டிப்போவைத் தாண்டியதும் இடப்பக்கம் திரும்பி, பெயிண்ட் கம்பெனி வழியாகச் சுற்றிப் போகும். நாலு வருஷமாக அப்படித் திருப்பிக்கொண்டு போனதும் இவர்தான். அன்றைக்கு மூன்றாவது சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். பெயிண்ட் நெடி வரவேண்டிய நேரத்தில் பிஸ்கட் வாசனை வந்தது. கண்ணைத் திறந்தேன். பழைய பேக்கரித் தெரு. எங்கேயாவது குழி தோண்டியிருப்பார்கள், வழியை மாற்றிவிட்டிருப்பார்கள் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நான் வாயை மூடுகிறவளே இல்லை. அன்றைக்கு மட்டும் மூடிக்கொண்டேன்.

பாலத்துக்கு முன்னால் போட்டிருந்த சிமெண்ட் கட்டைகளுக்கு எதிரே பஸ் நின்றது. இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. கண்டக்டர் வாய்த்துடுக்குக்காரன். “என்ன பதினேழு, எல்லாரையும் ஆத்துல குளிக்க வைக்கக் கூட்டிட்டு வந்துட்டியா?” என்றான். பஸ்ஸே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

“பாலத்தை எப்ப மூடினாங்க?” என்று கேட்டார்.

சிரித்துக்கொண்டிருந்த வாய்கள் அப்படியே நின்றுவிட்டன. கண்டக்டர்தான் பக்கத்தில் போய், தோளில் கை வைத்து, ஏதோ மெதுவாகச் சொன்னான். அவர் தலையை ஆட்டினார். பிறகு செய்ததைக் கேளுங்கள். இரண்டு பக்கமும் சுவர், நடுவே முப்பது பேரோடு அத்தனை பெரிய வண்டி. அதைப் பின்பக்கமாகவே எடுத்து, மூன்று வளைவும் திருப்பி, ஒரு பூந்தொட்டியில்கூட உரசாமல் பெரிய ரோட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். கை எதையும் மறக்கவில்லை.

ஆபீஸில் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கோபமாக இல்லை, மரியாதையாகத்தான். டிப்போ கேட்டில் ஒரு நாற்காலியைப் போட்டு, எந்த வண்டி எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று எழுதுகிற வேலையைக் கொடுத்தார்கள். டாக்டரிடம் காட்டி, ஆறு மாதம் கழித்து ஞாபகப் பரீட்சை எழுதித் தேறினால் ஸ்டியரிங் திரும்பக் கிடைக்கும் என்றார்கள். ஓய்வு பெற அவருக்கு இன்னும் இரண்டே வருஷம்தான் பாக்கி.

டாக்டர் முதலில் தலையைப் பற்றிக் கேட்கவே இல்லையாம். வயிற்றைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார். அதை இவர் என்னிடம் இரண்டு குரலிலும் பேசிக் காட்டினார்.

“காலைல என்ன சாப்பிடுவீங்க?”

“டீ.”

“மத்தியானம்?”

“டீயும் பன்னும்.”

“சாயந்தரம்?”

“டீயும், எண்ணெய்ல பொரிச்சது எது கிடைச்சாலும்.”

“தண்ணி எவ்வளவு குடிப்பீங்க?”

இந்தக் கேள்விக்கு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். “டாக்டர், இந்தக் கோடியில ஒரு கக்கூஸ், அந்தக் கோடியில ஒரு கக்கூஸ். நடுவுல ஒன்றரை மணி நேரம். தண்ணி குடிக்கிறவன் டிரைவரா இருக்க முடியாது.”

டாக்டர் சிரிக்கவில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறத் தொடங்கியிருந்தது, அழுத்தமும் கொஞ்சம் கூட, தூக்கம் கெட்டிருந்தது. மூளை தனியாகப் பெட்டிக்குள் வைத்த சாமான் இல்லை, நீங்கள் சாப்பிடுவதைத்தான் அதுவும் சாப்பிடுகிறது என்று சொல்லி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கீரை, அவரை, பயறு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் சின்ன மீன். முட்டை, கொட்டை, விதை. நிறம் அடர்ந்த பழம். தவிடு நீக்காத மாவு ரொட்டி. தண்ணீர், நடை, தூக்கம். கடைசியில் சொன்னாராம்: “இதெல்லாம் மருந்து இல்ல. வந்ததை விரட்டும்னு நான் சொல்ல மாட்டேன். உடம்புக்கு நல்லது, தலைக்கும் நல்லது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

அந்த ‘அவ்வளவுதான்’ அவர் காதில் விழுந்ததா என்பது எனக்குச் சந்தேகம். தாளை மடித்துச் சட்டைப்பையில், லைசென்ஸுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அவர் பயத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. அவருடைய அம்மா கடைசி மூன்று வருஷம் இவரைத் தபால்காரர் என்று நினைத்துக்கொண்டு இருந்தாளாம். வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால், “எனக்கு ஏதாவது வந்திருக்கா?” என்று கேட்பாளாம். “நாளைக்கு வரும்மா” என்று சொல்லிவிட்டுக் காலணியைக் கழற்றுவாராம். இதைச் சொல்லும்போது அவர் கேரட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

முதல் மாதம் ஆர்வம் தலைக்கேறிவிட்டது. வால்நட்டை உடைத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். “பாருக்கா, சின்ன மூளை மாதிரியே இருக்கு. இதைத் தின்னா மூளைக்கு ஏறாம எங்க போகும்?” தினமும் இரண்டு கைப்பிடி தின்றார். பத்தாம் நாள் ஆளைக் காணோம். வேறு யாரோ நாற்காலியில் உட்கார்ந்து நேரம் எழுதிக்கொண்டிருந்தார்கள். பதினோராம் நாள் வயிறு போய், கன்னம் ஒட்டி வந்து நின்றார்.

“காது மாதிரி இருக்கிற காளானைத் தின்னா செவிடனுக்குக் காது கேக்குமா?” என்று கேட்டேன்.

“நீயும் ஆரம்பிச்சிட்டியா? வீட்டுல ஒருத்தி போதாதா?”

வீட்டில் இருப்பவள் லேசுப்பட்டவள் இல்லை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற இடத்தில் வேலை. கசங்கினது எதையும் அவளால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது, புருஷன் முகம் உட்பட. கொட்டையை ஒரு கைப்பிடிக்கு மேல் தின்னக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவர் கைப்பிடியோ நம் மாதிரி இரண்டு பேர் கைப்பிடி. அதனால் அவள் டப்பாவைத் தன் அலமாரியில் பூட்டி வைத்து, காலையில் தன் கையால் ஒரு பிடி எடுத்து அவர் பையில் போடுகிறாள். “என் கை அளவுதான் உங்க மூளை. அதுக்கு மேல வேணாம்” என்றாளாம். இதையும் அவரே வந்து சொன்னார், ஏதோ பரிசு வாங்கின மாதிரி.

பெரிய கடையில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்து விற்கிற அந்தச் சின்ன நீலப் பழத்துக்கு முன்னால் ஒருநாள், விலையைப் பார்த்துவிட்டு, கால்மணி நேரம் நின்றாராம். பிறகு டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டிருக்கிறார். “கிடைக்கிறதைச் சாப்பிடுங்க, கறுப்புத் திராட்சைகூட நல்லதுதான்” என்று பதில் வந்தது. அன்றிலிருந்து நிறம் பார்த்து வாங்குகிறார். தட்டில் பச்சை, சிவப்பு, மஞ்சள் மூன்றும் இருக்க வேண்டும், சிக்னல் மாதிரி. “அப்ப சிவப்பு வந்தா நிறுத்திடுவீங்களா?” என்று மனைவி கேட்டாளாம்.

மீன் வாங்குவதை நானே பார்த்திருக்கிறேன். என் சாக்குக்கு எதிர்வரிசையில்தான் மீன்காரி. இவர் பெரிய மீன் பக்கமே போகமாட்டார். மத்தியைத்தான் தேடுவார். குனிந்து ஒவ்வொன்றின் கண்ணையும் பார்ப்பார். கண் கலங்கியிருந்தால் தள்ளிவிடுவார். செவுளைத் தூக்கிப் பார்த்து, முதுகை ஒரு விரலால் அழுத்தி, குழி மேலே எழும்பி வருகிறதா என்று காத்திருப்பார். பின்னால் நாலு பேர் வரிசையில் நின்று முனகுவார்கள்.

“மூளைக்குன்னா தலையையும் சேத்துக்கோங்கண்ணே” என்றாள் மீன்காரி.

“தலை வேணாம்மா. ஏற்கெனவே ஒண்ணு வச்சிருக்கேன், அதையே சமாளிக்க முடியல.”

வரிசையில் நின்றவர்கள் முனகலை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். அவருக்கு அப்படி ஒரு வாய் உண்டு. தன்னைத் தானே முதலில் அடித்துக்கொண்டுவிட்டால் மற்றவர்கள் அடிக்க இடமிருக்காது என்று கண்டுபிடித்து வைத்திருந்தார்.

மத்தியானம் டிப்போ கேட்டில் அவர் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். டப்பாவைத் திறந்து, கீரை, அவரை, முட்டை எல்லாவற்றையும் ஒழுங்காக முடித்துவிட்டு, கடைசியில் பூசணி விதைப் பொட்டலத்தைப் பிரிப்பார். நேரம் எழுதுகிற நோட்டின் அட்டைமேல் விதைகளை ஒவ்வொன்றாக வைப்பார். முப்பத்தொரு விதை. பதினேழாம் நம்பருக்கு முப்பத்தொரு ஸ்டாப். ரோடு வளைகிற இடத்தில் விதை வரிசையும் வளையும். வரிசை முடிந்ததும் முதல் விதையில் விரலை வைத்து ஸ்டாப்பின் பேரைச் சொல்லுவார். சரியாகச் சொன்னால் தின்னலாம். அதுதான் அவருடைய சட்டம். மணிக்கூண்டு. பழைய தபால் ஆபீஸ். பல் டாக்டர். பள்ளிக்கூடம். பால் டிப்போ வந்ததும் விரல் நின்றுவிடும். மூச்சை ஒருமுறை இழுத்துக்கொண்டு, “இடப்பக்கம். பெயிண்ட் கம்பெனி” என்பார். அந்த விதையை மட்டும் நன்றாக மென்று விழுங்குவார்.

கண்டக்டர் அந்த நேரம் பார்த்து வருவான்.

“என்ன பதினேழு, இன்னிக்கு எந்த ஸ்டாப்பைத் தின்னே?”

“ஆஸ்பத்திரி வரைக்கும் தின்னாச்சு.”

“எப்படி இருக்கு?”

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. உன் மாமியார் வீட்டு ஸ்டாப்புதான் கசக்குது.”

“அது எனக்கே பதினஞ்சு வருஷமா கசக்குதுய்யா!”

இப்படிச் சிரித்துக்கொண்டு இருக்கிறவர்தான், பதினேழு கிளம்புகிற சத்தம் கேட்டால் சட்டென்று எழுந்துவிடுவார். மற்ற பஸ்களுக்கு உட்கார்ந்தபடியே நேரம் எழுதுவார். பதினேழுக்கு மட்டும் எழுந்து நிற்பார். வண்டி கேட்டைத் தாண்டி, தெருமுனையில் திரும்பி, அதன் முதுகு மறைகிற வரை நிற்பார். பிறகும் நிற்பார். கண்ணுக்குத் தெரியாத வண்டியைக் காதால் பிடித்துக்கொண்டு போவார்.

“மூணாவது கியர்ல முனகுது” என்பார். “என்கிட்ட இப்படி முனகினதே இல்லக்கா.”

ஒருநாள் அவர் மனைவி அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தபோது இதைப் பார்த்துவிட்டாள். “என்னை ஒருநாளாவது இப்படி நின்னு வழியனுப்பி இருக்கீங்களா?” என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தவள், டப்பாவைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனாள்.

காலையில் என்னிடம் காய் வாங்க வரும்போது வழிச்செய்தி கேட்பார். முந்தின நாள் மாலை நான் பஸ்ஸில் போனேனே, அதைப் பற்றி.

“பல் டாக்டர் போர்டுல லைட்டு எரியுதா?”

“எரியுது. ஒரு எழுத்து அணைஞ்சு போச்சு. எந்த எழுத்துன்னு கேக்காதே.”

“பள்ளிக்கூட வாசல்ல அந்தக் கறுப்பு நாய்?”

“இருக்கு. ஹாரன் அடிச்சாதான் எழுந்திரிக்குது.”

“ஹாரன் அடிக்கக் கூடாதுக்கா. ரெண்டு தடவை ஹெட்லைட்டைப் போட்டு அணைச்சா அதுவே எழுந்து போயிடும்.” அவரைக்காயை உரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “வயசான நாய். அதுக்கு நான் போனது தெரியுமோ என்னவோ” என்றார்.

ஆறு மாதம் இப்படிப் போனது. ஆள் மெலிந்து, தோல் தெளிந்து, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது நின்றது. சர்க்கரை இறங்கிவிட்டது. தூக்கம் வந்துவிட்டது. பரீட்சைக்குப் போகிற அன்றைக்குச் சட்டையை அவர் மனைவி ஆஸ்பத்திரி விரிப்பு மாதிரி விறைப்பாகத் தேய்த்துக் கொடுத்திருந்தாள். முட்டையும் கீரையும் தின்றுவிட்டு வந்து, என்னிடம் ஒரு ஆரஞ்சு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

மத்தியானம் திரும்பி வந்தார். என் சாக்குக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். எதையும் எடுத்து முகரவில்லை.

கடிகாரம் வரையச் சொன்னார்களாம், வரைந்தார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார்களாம், தயங்காமல் குறைத்தார். ஐந்து வார்த்தை சொல்லிவிட்டு, வேறு பேச்செல்லாம் பேசிவிட்டு, கடைசியில் அந்த ஐந்தையும் திருப்பிக் கேட்டார்களாம். குடை, ரொட்டி, ஆடு, நீலம். நாலு வந்தது. ஐந்தாவது வரவில்லை. பழைய வழி, புது வழி என்று கேட்ட இன்னும் இரண்டு கேள்வியிலும் தடுமாறியிருக்கிறார். டாக்டர் நல்லவிதமாகத்தான் சொன்னாராம். உடம்பு நன்றாகத் தேறியிருக்கிறது, இதையெல்லாம் விட்டுவிடாதீர்கள், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம், அதுவரை பஸ் வேண்டாம்.

“இன்னும் எவ்வளவு கீரை சாப்பிடணும்னு கேட்டேன்க்கா. கீரை அதோட வேலையைச் செய்யுது, ஆனா அது எவ்வளவு தூரம் கொண்டுபோகும்னு எனக்குத் தெரியாதுன்னுட்டார். நல்ல மனுஷன். பொய் சொல்லல.”

“அஞ்சாவது என்ன வார்த்தை?”

“ஜன்னல்.” அவர் சிரித்தார். “படி இறங்கி, ரோட்டைத் தாண்டி, பஸ்ல ஏறி உக்காந்ததும் வந்துச்சு. ஜன்னல் ஜன்னல்னு. மறுபடி இறங்கி நாலு மாடி ஏறிப் போனேன். வேற ஆளு உள்ள போயாச்சுன்னு வெளியவே நிறுத்திட்டாங்க. யார்கிட்ட போய்ச் சொல்றது? அதான் உன்கிட்ட சொல்றேன். ஜன்னல்க்கா.”

நான் கேட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

அதற்குள் ஆபீஸில் பதினேழாம் நம்பரை இன்னொரு டிப்போவிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு நிரந்தரமாகக் கொடுத்துவிட்டார்கள். பரீட்சை முடிந்த மறுநாள் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். அவர் அதைப் படித்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு என்னிடம் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மத்தியானம் டப்பா இல்லை. டீயும் பன்னும். விதைப் பொட்டலம் இல்லை.

மூன்றாம் நாள் அவர் மனைவிதான் வந்தாள். முகர்ந்து பார்க்காமல் இரண்டு கட்டு எடுத்தாள். “நான் சமைச்சு வச்சா தொட மாட்டேங்கிறார். ஆனா எனக்கு இது இல்லாம இப்ப சாப்பாடு இறங்கல. நல்லா இருந்தவளைக் கீரைக்காரி ஆக்கிட்டு அவர் பன்னுக்குப் போயிட்டார்” என்றாள். கட்டைப் பையில் திணிப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. இருந்ததிலேயே நல்ல கட்டாக ஒன்றை எடுத்துக்கொண்டு போய், அவர் நோட்டின் மேல் ஈரத்தோடு வைத்தேன்.

“எழுதினதெல்லாம் நனையுதுக்கா.”

“நனையட்டும். நீ பஸ்ஸுக்காகச் சாப்பிட்டியா, உனக்காகச் சாப்பிட்டியா?”

அவர் யோசிக்கவே இல்லை. “பஸ்ஸுக்காகத்தான்” என்றார்.

இருந்தாலும் கட்டை நான் திரும்ப எடுக்கவில்லை. அங்கேயே நின்றேன். சாக்கில் வைத்த காயை ஆடு மேய்ந்தாலும் சரி என்று நின்றேன். ஒரு பஸ் உள்ளே வந்தது, ஒரு பஸ் வெளியே போனது. கடைசியில் அவர் கட்டைத் தலைகீழாகப் பிடித்து வேரை முகர்ந்தார்.

“தெளிச்ச ஈரம்” என்றார்.

“ஆமா” என்றேன்.

மறுநாள் டப்பா வந்தது. விதை வரவில்லை.

போன வாரம் அவருக்கு ஓய்வு நாள். மாலை நான் சாக்கைச் சுருட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால், பின்னாலேயே அவர் ஏறுகிறார். எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பதினேழில், பயணியாக. கையில் ஆரஞ்சுப் பை. மனைவியின் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். அந்த வீட்டுக்கு ஏழாம் நம்பர் நேராகப் போகும் என்பது எனக்கே தெரியும். என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஓட்டுகிற பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். குள்ளம். நல்ல சுறுசுறுப்பு. வண்டி எடுக்கும்போது உட்கார்ந்திருப்பவர் கழுத்து ஆடவில்லை. அவர் அதைக் கவனித்தார். மூன்றாவது கியர் முனகவில்லை. அதையும் கவனித்தார். உதடு மட்டும் லேசாக அசைந்துகொண்டு வந்தது. பால் டிப்போ வந்ததும் உள்ளங்கை இரண்டையும் முழங்காலில் பதித்துக்கொண்டார். பஸ் இடப்பக்கம் திரும்பியது. பெயிண்ட் நெடி வந்தது. மூச்சை விட்டார்.

மனைவியின் தங்கை வீட்டு ஸ்டாப் எங்கேயோ பின்னால் போய்விட்டது. நானும் என் ஸ்டாப்பில் இறங்கவில்லை. இரண்டு பேரும் கடைசி ஸ்டாப் வரை போனோம். எல்லோரும் இறங்கிப் போனார்கள். கண்டக்டர் டீக்குப் போனான். அந்தப் பெண் இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தவள், இவரைப் பார்த்தாள்.

“அண்ணே, கேட்டுல எழுந்து நிக்கிற நீங்கதான அந்தப் பதினேழு?”

“இப்ப நீதாம்மா பதினேழு.”

“என்னை யாரும் அப்படிக் கூப்பிடலண்ணே. அந்தப் பேரு காலி இல்லன்னு சொல்லிட்டாங்க.” சிரித்தாள். “பத்து நிமிஷம் ஆகும் நான் வர. வந்து உக்காருங்க இங்க. சாவி என் கையில இருக்கு, வண்டியைக் கடத்திட்டுப் போயிடுவீங்கன்னு பயமில்ல. சீட்டு உங்களுக்குக் கிட்டக்க இருக்கும், பின்னாடி தள்ளிக்கோங்க. கம்பி கீழ...”

“தெரியும்மா.”

அவள் படியிறங்கிப் போனாள். அவர் ஆரஞ்சுப் பையை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனார். சீட்டின் ஓரத்தைக் கையால் ஒருமுறை துடைத்தார், தூசு எதுவும் இல்லை. உள்ளே நுழைந்து உட்கார்ந்தார். அவளுடைய காலுக்கு ஏற்றபடி இழுத்து வைத்த சீட்டு. இவருடைய முழங்கால் இரண்டும் மடங்கி ஸ்டியரிங்கின் அடியில் முட்டிக்கொண்டன. கை கீழே போனது. கம்பியைத் தொட்டது. அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு கம்பியை இழுக்காமல் மேலே வந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டது.

“தள்ளிக்கோயேன் தம்பி, முட்டி இடிக்குதில்ல?” என்றேன்.

“வேணாம்க்கா. அந்தப் பொண்ணு வந்து மறுபடி சரி பண்ணணும்.”

தலைக்கு மேலிருந்த கண்ணாடியும் அவள் உயரத்துக்குத்தான் திருப்பி வைத்திருந்தது. அவர் இருந்த உயரத்துக்கு அதில் தரைதான் தெரிந்திருக்கும். அவர் கண்ணாடியைத் தொடவில்லை. முதுகை வளைத்து, கழுத்தைச் சுருக்கி, தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிக்கொண்டே வந்தார், என்னோடு சேர்த்து அத்தனை காலி சீட்டும் அதற்குள் தெரிகிற வரைக்கும்.